ஐம்பத்தொன்பதாவது மீதி

வடக்கு உத்தர வீதி,
ஸ்ரீரங்கம்.
29 நவம்பர் 1937, திங்கள்

மகாராஜராஜஸ்ரீ தைரியராஜ் அவர்களுக்கு,

உம்மீது எனக்குள்ள குற்றச்சாட்டுகள் தேதி வரிசையில்:

1. ஜனவரி 2. நாம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். முதல் விதி: கணக்கின் ஒவ்வொரு படியையும் இருவரும் தனித்தனியே போடுவது. இரண்டாம் விதி: விடையைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தபாலில் சேர்ப்பது, மற்றவர் விடை கைக்கு வருமுன் தம் விடை புறப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் விதி: கணக்கு முடியும்வரை நேரில் சந்திப்பதில்லை. மூன்றையும் நீர் மீறியிருக்கிறீர்.

2. மே 10. இருபத்துமூன்றாம் படியில் உம் விடை தவறாக வந்தது. நான் கண்டித்து எழுதினேன், நீர் மன்னிப்புக் கேட்டீர், ஏற்றுக்கொண்டேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பின்னால் வருவதற்கு முன்னுரையாகச் சொல்கிறேன்.

3. மே 17 முதல் இன்றுவரை. உம் உறைகள் இருபத்தெட்டு என் மேஜைமீது இருக்கின்றன. ஒன்றில்கூடச் சனிக்கிழமை முத்திரை இல்லை. அனைத்தும் திங்கள். “சனிக்கிழமைகளில் சர்வே ஆபீஸில் வேலை மிகுதி” என்று எழுதியிருந்தீர். நம்பினேன். என் கடிதம் உமக்குத் திங்கள் காலையில் பட்டுவாடா ஆகிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

4. செப்டம்பர் 12, ஞாயிறு. முன்னறிவிப்பு இன்றி என் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றீர். பார்ப்பதற்கில்லை என்று எதிர்வீட்டு வேதாந்தம் மூலம் சொல்லியனுப்பிய பிறகும் நின்றீர்.

5. செப்டம்பர் 13. நாற்பத்தொன்றாம் படி.

ஐந்தாவதற்கு விளக்கம் தேவை. ஒப்பந்தத்தை மறந்தவருக்குக் கணக்கும் மறந்திருக்கலாம். எனவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

நாம் சோதிப்பது 2305843009213693951 என்னும் எண்ணை. இரண்டின் அறுபத்தொன்றாம் அடுக்கில் ஒன்று குறைவு. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பகா எண்களைப் பட்டியல் போட்ட பிரெஞ்சுத் துறவி ஒருவர் இதை விட்டுவிட்டார் என்றும், ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் ருஷ்யாவில் ஒரு கிராமத்துப் பாதிரியார் இதுவும் பகா எண்தான் என்று போட்டு முடித்தார் என்றும் காலேஜ் நூலகத்துப் புத்தகமொன்றின் அடிக்குறிப்பு கூறுகிறது. அடிக்குறிப்புகளை நான் நம்புவதில்லை. இரண்டு கைகள் தனித்தனியே போட்டு ஒத்துவந்த விடையை மட்டுமே நம்புகிறேன். அதற்காகத்தான் உம்மை அழைத்தேன்.

முறை எளியது. நான்கில் தொடங்க வேண்டும். அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை எழுத வேண்டும். அந்த மீதியை மீண்டும் வர்க்கமாக்கி இரண்டைக் கழித்து வகுக்க வேண்டும். ஐம்பத்தொன்பதாவது மீதி பூஜ்யமானால் நம் எண் பகா எண். வேறு எதுவானாலும் அல்ல. முதல் ஐந்து படிகளில் வகுத்தலுக்கே வேலையில்லை. ஒரே நாளில் முடித்தோம். ஆறாவதிலிருந்து வாரத்துக்கு ஒரு படி. நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அதன் பின்வருவது அத்தனையும் குப்பை.

சென்ற சனிக்கிழமை ஐம்பத்திரண்டாம் படியை முடித்தபின், பழைய விடைகள் எல்லாவற்றையும் பதினொன்றால் சோதித்தேன். இதுவரை ஒன்பதால் மட்டுமே சோதித்து வந்தோம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்பதின் சோதனையில் அகப்படாது. பதினொன்றின் சோதனையில் அகப்படும். அகப்பட்டது. நாற்பத்தொன்றாம் படியில், கணக்குப் போட்ட என் கரட்டுத் தாளில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் இலக்கங்கள் 73. உமக்கு அனுப்பிய நற்படியில் 37. நற்படியை வைத்தே மேலே போட்டுச் சென்றிருக்கிறேன். பதினொரு வாரக் கணக்கு வீண்.

பிழை என்னுடையது. அதை மறைக்கவில்லை.

ஆனால் என் கை பெயர்த்தெழுதியபோது செய்த பிழை, காவிரிக்கு அக்கரையில் பாலக்கரையில் தனியே கணக்குப் போட்டதாகச் சொல்லும் உம் விடையில் எப்படி வந்தது? உம் தாளிலும் 37 இருக்கிறது. இருவர் ஒரே கணக்கில் தவறலாம். ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவற முடியாது. பரீட்சைத் தாள் திருத்தும் எவனுக்கும் இது தெரியும்.

நீர் எந்தப் படியிலிருந்து கணக்குப் போடுவதை நிறுத்தினீர்? ஏன் நிறுத்தினீர்? டிசம்பர் 4 சனிக்கிழமைக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும்.

எஸ். சௌரிராஜன், எம்.ஏ.


பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி.
3 டிசம்பர் 1937

அன்புள்ள சௌரிராஜன் அவர்களுக்கு,

எஃப்.ஏ. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் என்னைத் ‘தைரியம்’ என்பீர்கள். முப்பத்து மூன்று வருஷம் கழித்து மகாராஜராஜஸ்ரீ ஆகிவிட்டேன். இத்தனை பெரிய பதவியைச் சர்வே ஆபீஸில்கூட எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் கணக்குப் போடுவதை ஒரு வாரமும் நிறுத்தவில்லை.

மே மாதம் நீங்கள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. “உமக்கு இது பொழுதுபோக்கானால் இப்போதே சொல்லிவிடும், எனக்கு அப்படியல்ல” என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு தனியாகத் தபாலில் போடப் பயந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். டோரதி, என் மகள், ட்ரெயினிங் ஸ்கூலில் படிக்கிறாள், கரட்டுத் தாளை வாசிப்பாள், நான் சரிபார்ப்பேன். ஆனால் திங்கள் காலை உங்கள் கடிதம் வரும்வரை உறையை ஒட்டமாட்டேன். ஒத்துவந்தால் அனுப்புவேன். 27, 33, 38 மூன்று படிகளிலும் ஒத்துவரவில்லை. மூன்றிலும் என்மேல்தான் தப்பு. திருத்தி அனுப்பினேன். சனிக்கிழமை வேலை என்று எழுதியது பொய். இது திருட்டுத்தான், வேறு பெயர் வைக்கவில்லை.

நாற்பத்தொன்று அப்படியல்ல.

செப்டம்பர் 10ஆம் தேதி எனக்கு 73 வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போது ஆபீஸ் நசுருதீன் வழியில் பிடித்துக்கொண்டார். “உங்க ஐயங்கார் சிநேகிதர் வீட்டம்மா தவறிட்டாங்களாமே, திங்கக்கிழமையே. உங்களுக்குச் சேதி வரலையா?” என்றார். எனக்கு எங்கே சேதி வரும்? நமக்குள் போகவர இருப்பது மீதி மட்டும்தானே. அப்படியே பாலத்தைத் தாண்டி நடந்து வந்தேன். விதி மூன்று நினைவில் இருந்தது. வேதாந்தம் ஸ்வாமி வெளியே வந்து, “அவர் யாரையும் பாக்கறதா இல்லை. உள்ளே கணக்குப் போட்டுண்டிருக்கார்” என்றார். சரி என்று நின்றேன். போக மனசு வரவில்லை.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அதுவரை முப்பத்தைந்து வாரமும் விடையை எழுதியது உங்கள் வீட்டம்மாதான், இல்லையா? நான் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் எழுதும் ஏழு எனக்குத் தெரியும், தலையில் சின்னக் கொக்கி இருக்கும். மும்மூன்று இலக்கமாக இடம் விட்டு எழுதுவார்கள். அடியில், கரட்டுத் தாளோடு ஒத்துப் பார்த்ததற்கு அடையாளமாக, ‘வாசித்தது: வ.’ என்று இருக்கும். நாற்பத்தொன்றில் இலக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உங்கள் கையெழுத்தில் இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. 37 என்று பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. கணக்கில் தப்பு வரவில்லை. வாசிக்க ஆள் இல்லை.

ஆனாலும் என் கணக்கை நான்கு தடவை மறுபடியும் போட்டேன். நான்கிலும் 73. அந்த வாரத்தில் உங்களுக்கு ‘தவறு’ என்று எப்படி எழுதுவது? என்னால் ஆகவில்லை. உங்கள் எண்ணையே திருப்பி எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் நினைத்தேன்.

அன்று முதல் வாரத்துக்கு இரண்டு கணக்கு. உங்கள் 37இலிருந்து ஒன்று, உங்களுக்கு அனுப்ப. என் 73இலிருந்து ஒன்று, டிரங்குப் பெட்டியில் வைக்க. பெட்டியில் இருப்பது ஐம்பத்திரண்டு வரை வந்திருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் அதுவும் நியாயம்தான்.

உங்கள் கணக்கில் ஒரு பாதிரியார் விட்டதை இன்னொரு பாதிரியார் பிடித்தார் என்று ஆரம்பத்தில் சிரித்தோம். விட்டதற்கு அந்தத் துறவியிடம் யாராவது தேதி போட்டு விளக்கம் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

தைரியராஜ்


ஸ்ரீரங்கம்.
6 டிசம்பர் 1937, திங்கள்

மகாராஜராஜஸ்ரீ தைரியராஜ் அவர்களுக்கு,

உம் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். என் குற்றச்சாட்டுகளில் எதையும் திரும்பப் பெறவில்லை. ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஓர் இலக்கம் தவறு என்னும் செய்தியை நான் தாங்கமாட்டேன் என்று நீர் முடிவு செய்தீர். அதற்கு உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வத்ஸலா பரமபதித்த வாரத்தில் இவ்வீட்டுக்கு முப்பத்தொரு கடிதங்கள் வந்தன. முப்பத்தொன்றிலும் ஒரே வாசகம். நான்கு வரிக்கு மேல் எதையும் நான் படிக்கவில்லை. ‘பன்னிரண்டாம் இலக்கத்தைப் பாரும்’ என்று ஒரு கடிதம் வந்திருந்தால் அதை மட்டும் முழுதாகப் படித்திருப்பேன். அது உம்மிடமிருந்து வரும் என்றுதான் செவ்வாய்தோறும் உறையைக் கிழித்தேன். வந்தது என் எண்ணின் நகல்.

இருபத்தாறு ஆண்டுகள் அவள் என்னிடம் எதையும் ஒத்துக்கொண்டு போனவள் அல்லள். நான் இலக்கங்களைச் சொல்ல, நற்படி எழுதுகிறவள் கரட்டுத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு, “ரெண்டுன்னு எழுதியிருக்கேள், மூணுன்னு சொல்றேளே, எது?” என்று கேட்பாள். எண்ணின் பொருள் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. எது என்று மட்டும் கேட்பாள். என்னைச் சுற்றி இப்போது இருப்பவர்கள் எல்லாரும் ‘சரி சரி’ என்கிறார்கள். நீரும் அக்கூட்டத்தில் சேர்ந்தீர்.

இனிச் செய்ய வேண்டியவை. 24 முதல் 40 வரையுள்ள உம் கரட்டுத் தாள்களை, திருத்தியவை உட்பட, உடனே அனுப்பவும். 42 முதல் 52 வரையுள்ள விடைகளை அனுப்பக் கூடாது. நான் நாற்பத்தொன்றின் சரியான விடையிலிருந்து தொடங்கி அப்பதினொன்றையும் விடுமுறையில் புதிதாகப் போடுகிறேன். ஜனவரி 1 சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருவரும் அவரவர் பட்டியலைத் தபாலில் சேர்க்க வேண்டும். முத்திரையைப் பார்ப்பேன்.

எஸ். சௌரிராஜன்


பாலக்கரை.
3 ஜனவரி 1938, திங்கள்

அன்புள்ள சௌரிராஜன் அவர்களுக்கு,

என் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை, மூன்று மணி. உங்கள் பட்டியல் இன்று காலை வந்தது. டோரதி உங்களுடையதை வாசிக்க நான் என்னுடையதைப் பார்த்தேன். பதினொன்றும் ஒத்திருக்கின்றன. இருநூற்றுக்குமேல் இலக்கம், ஒன்றுகூடப் பிசகவில்லை. முடிந்ததும் அவள், “அப்பா, இவர்தான் கோபக்காரரா? எழுத்து நடுங்குதே” என்றாள். அவள் சொன்னதை உங்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். மறைக்கக் கூடாது என்றீர்கள், எழுதிவிட்டேன்.

இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்டதால் சின்னக் கணக்கொன்று கொடுத்தேன். இரண்டின் பதின்மூன்றாம் அடுக்கில் ஒன்று குறைவு, 8191. பதினொரு படி. அவளே போட்டாள். 4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470 என்று தலைகால் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பத்தாவது படியில் 128 வந்தது. “என்னப்பா இது, ரெண்டு ரெண்டா பெருக்கினா வர்ற நம்பராச்சே” என்றாள். அதை வர்க்கமாக்கி இரண்டைக் கழித்தால் 16382. சரியாக 8191இன் இரு மடங்கு. மீதி பூஜ்யம். முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தாள்.

நம்முடையதும் பகா எண்தான் என்றால் கடைசிக்கு முந்தின படி தன் வேஷத்தைக் கலைக்கும் அல்லவா. 58இல் தெரிந்துவிடும்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் பட்டியலில் ஒவ்வொரு விடைக்கும் அடியில் ‘வாசித்தது’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறீர்கள். பதினொன்றிலும் வெறுமையாக இருக்கிறது. அங்கே யார் வாசிக்கிறார்கள்?

தைரியராஜ்


ஸ்ரீரங்கம்.
15 பிப்ரவரி 1938, செவ்வாய்

தைரியம்,

ஆறு வாரங்களாக எண்ணைத் தவிர வேறெதையும் நான் எழுதவில்லை. உம் கேள்விக்குப் பதில் சொல்லாததை நீர் குறித்து வைத்திருப்பீர். இப்போது சொல்கிறேன்.

நானே வாசிக்கிறேன். கரட்டுத் தாளைக் கூடத்துத் தூணில் ஒட்டி, உரக்க வாசித்து, ஒவ்வோர் இலக்கமாக எழுதுகிறேன். ஏகாதசிக் கூட்டம் வீதியை அடைத்த நாளிலும் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். வேதாந்தம் நேற்று வழிமறித்து, “என்ன ஸ்வாமி, தெனமும் ஏதோ சேவிக்கிறேள், காதிலே விழறது. ஒண்ணும் பிடிபடலையே” என்றார். எண்கள் என்றேன். “எண்ணா? யாருக்குச் சொல்றேள்?” என்றார். தன் குரலைத் தானே கேட்டுச் சரிபார்ப்பது சோதனை ஆகாது. கண் 37 என்று பார்த்தால் வாயும் 37 என்றுதான் சொல்லும். ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பொய்க் கையெழுத்து இட எனக்கு வராது.

உம் மகள் கூறியது உண்மை. கை நடுங்குகிறது. நவம்பரிலிருந்து.

உம் கரட்டுத் தாள்களை முழுதும் பார்த்தேன். 27, 33, 38 மூன்றும் நேர்மையான பிழைகள்; கடனெடுப்பதை மறந்த பிழைகள். மற்றவை சுத்தம். மூன்றாம் குற்றச்சாட்டின் காரணம் என் மே மாதக் கடிதம் என்பதை எழுத்தில் பதிவு செய்கிறேன். பொய் சொன்னது உம்முடையது. பொய் சொல்ல வைத்தது என்னுடையது.

நாற்பத்தொன்றைப் பற்றியும் ஒன்று உண்டு. என் கரட்டுத் தாளில் 73. உம் தாளில் 73. அந்த வாரத்திலும் நாம் இருவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்திருக்கிறோம். ஐந்து மாதம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது.

நேற்றுக் காலை உம் ஐம்பத்தெட்டாம் விடை வந்தது. சனிக்கிழமை முத்திரை. உறையைப் பிரிக்குமுன் என் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒத்திருக்கின்றன. இரண்டின் முப்பத்தொன்றாம் அடுக்கோடு அந்த எண்ணுக்குள்ள உறவை உமக்கு விளக்க வேண்டியதில்லை. 128ஐப் பார்த்த உம் மகளுக்கும் விளங்கியிருக்கும்.

ஐம்பத்தொன்பதாம் படியை நான் போடவில்லை. இனி அது இரண்டு வரி. மனத்திலேயே போடலாம். நேற்று முழுவதும் போடாமல் இருந்தேன். நீரும் போட்டிருக்கமாட்டீர் என்று நம்புகிறேன். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லும்.

மூன்றாம் விதியை இக்கடிதத்தால் ரத்து செய்கிறேன். பிப்ரவரி 20 ஞாயிறு, உம் பூசை முடிந்தபின், இங்கே வரவும். மகளையும் அழைத்துவரவும். அவள் கரட்டுத் தாளை வாசிக்கட்டும். நான் நற்படி எழுதுகிறேன். நீர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தவறினால் தவறு என்று அந்த நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். ‘வாசித்தது’ என்ற இடத்தில் அவள் தன் முதலெழுத்தை இடலாம்.

செப்டம்பரில் நீர் நின்றபோது கதவுக்கு இப்புறம் நானும் நின்றேன். கணக்குப் போடவில்லை. இம்முறை கதவு திறந்திருக்கும்.

வருவீரா மாட்டீரா என்பதை, மாட்டீர் என்றால் காரணத்தோடு, பிப்ரவரி 18 வெள்ளிக்கிழமை மாலைத் தபாலுக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

சௌரிராஜன்